கோர்னே கீபோர்டில் தமிழ்99: ஃபர்ம்வேரிலிருந்து தொடங்குவோம்

இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும் ஸ்பிளிட் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் சுவிட்ச், நிறம், விலை என்று எல்லாவற்றையும் அலசுவார்கள். எந்தக் கீ என்ன செய்யவேண்டும் என்று கீபோர்டுக்குள் இருந்து முடிவுசெய்யும் மென்பொருளான ஃபர்ம்வேரை மட்டும் விட்டுவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பில் எழுதுபவர் என்றால் இன்னும் அவசியம்.

கோர்னே என்ற கீபோர்டையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 21 வீதம் மொத்தம் 42 கீ. வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால் பல கடைகளில் கிடைக்கும்.

படி 1: எந்த ஃபர்ம்வேர் என்று கேளுங்கள்

கம்பி வைத்தது என்றால் க்யூஎம்கே, ப்ளூடூத் என்றால் இசட்எம்கே. இரண்டும் திறந்த மூலம். க்யூஎம்கே ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதைப் போட்டு விற்பவர் கேட்பவருக்கு மூலநிரலைத் தரவேண்டும். ‘க்யூஎம்கே உண்டு’ என்று விளம்பரம் செய்துவிட்டு நிரலைக் கண்ணில் காட்டாத கடைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மூடிய ஃபர்ம்வேர் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். கினேசிஸ் அட்வாண்டேஜ்360 என்ற ஸ்பிளிட் கீபோர்டு இரண்டு விதமாக வருகிறது: சாதாரண மாடலில் நிறுவனத்தின் சொந்த ஸ்மார்ட்செட், புரோ மாடலில் இசட்எம்கே. ஸ்மார்ட்செட்டில் கீபோர்டிலேயே கீயை மாற்றிக்கொள்ளலாம், அமைப்புகள் வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாக இருக்கும். நான் பயப்படுவது வேறு வகைக்கு. ஒரு கீயை மாற்றக்கூட நிறுவனத்தின் விண்டோஸ் செயலி வேண்டும், அதற்கு லாகின் வேண்டும் என்றால், அந்தச் செயலி நின்றுபோகும் நாளில் என்ன செய்வீர்கள்?

படி 2: கேபிள்

இரண்டு பாதிகளையும் இணைக்கும் டிஆர்ஆர்எஸ் கேபிளை முதலில் செருகுங்கள், அப்புறம்தான் யுஎஸ்பி. மின்சாரம் ஓடும்போது அந்தக் கேபிளைப் பிடுங்கினால் ஷார்ட் ஆகி போர்டு போய்விடலாம்.

படி 3: ஃபர்ம்வேர் ஏற்றுதல்

ஆர்பி2040 சிப் உள்ள போர்டு தொடங்குபவர்களுக்குச் சுலபம். பூட் பொத்தானை அழுத்தியபடி யுஎஸ்பியைச் செருகினால் பென்டிரைவ் போலத் திரையில் தெரியும். வையல் என்பது க்யூஎம்கேயின் ஒரு வகை, கீகளைச் செயலியிலேயே மாற்றலாம். உங்கள் போர்டுக்கான வையல் ஃபர்ம்வேரின் யுஎஃப்2 கோப்பை அதில் காப்பி செய்தால் முடிந்தது. இரண்டு பாதிக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். பிறகு யுஎஸ்பியை இடது பாதியில் செருகுங்கள். பல ஃபர்ம்வேர்கள் அதைத்தான் எதிர்பார்க்கும்.

படி 4: ‘ச’ எங்கே?

தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஸ்பிளிட் கீபோர்டுக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஆனால் ‘ச’வும் ‘ஞ’வும் சதுர அடைப்புக்குறி கீகளில் இருக்கின்றன. கோர்னேயின் வழக்கமான அமைப்பில் அந்த இரண்டு கீயும் முதல் லேயரில் (வேறு கீயை அழுத்திப் பிடிக்காமலே கிடைக்கும் அடுக்கில்) கிடையாது! ‘ச’ இல்லாமல் எத்தனை வரி எழுதமுடியும்?

வையல் செயலியைத் திறந்து, ‘பி’ கீக்கு வலப்பக்கம் உள்ள பேக்ஸ்பேஸைக் கட்டைவிரல் கீ ஒன்றுக்கு மாற்றுங்கள். காலியான இடத்தில் இடது சதுர அடைப்புக்குறியைப் போடுங்கள். சாதாரண கீபோர்டில் ‘ச’ இருக்கும் அதே இடம் அது, விரலுக்குப் புதிதாக எதுவும் பழக்க வேண்டாம். ‘ஞ’ அவ்வளவாக வராது, இரண்டாம் லேயரில் இருந்தால் போதும்.

தமிழுக்கென்று தனி ஃபர்ம்வேர் தேடவேண்டாம். கீபோர்டு கீயின் எண்ணை மட்டும் அனுப்புகிறது. அதை எழுத்தாக்குவது கணினியில் உள்ள தமிழ்99 அமைப்பு.

படி 5: சேமிப்பு

மாற்றங்கள் கீபோர்டிலேயே பதிவாகிவிடும், வேறு கணினியில் செருகினாலும் இருக்கும். ஆனாலும் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றினால் அழிந்துபோகலாம். வையலின் ஃபைல் மெனுவில் லேஅவுட்டைச் சேமித்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.