எல்லா ஆய்வுக்கும் ஒரே தராசு வேண்டாம்

டர்பனில் முனைவர் படிப்புக்கு வழிகாட்டி தேடும் நம் பிள்ளைகள் பலர் முதலில் பார்ப்பது கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடுதளம் காட்டும் மேற்கோள் எண்ணிக்கையைத்தான், அதாவது ஒருவரின் கட்டுரைகளை மற்ற ஆய்வுகள் எத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கின்றன என்பதைத்தான். சரி, ஆனால் அதை ஒரே துறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். மருத்துவக் கட்டுரைக்கு மேற்கோள் மளமளவென்று சேரும். கணிதத்தில் நல்ல கட்டுரைக்கும் மெதுவாகத்தான் வரும். கணினித் துறையில் மாநாட்டுக் கட்டுரைக்கும், வரலாற்றில் புத்தகத்துக்கும் தனி மதிப்பு.

அப்புறம் ஆதாரம். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்களைப் பற்றிய ஆய்வா? கப்பல் பதிவேட்டில் பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் இருக்கிறது. அதைத் தொடாமல் பழைய நூல்களையே திருப்பிச் சொன்னால் ஓரமாக வைத்துவிடலாம். சர்க்கரை நோய் மருந்து ஆய்வென்றால் எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு உண்டா என்று பாருங்கள்.

தென்னாப்பிரிக்க உயர்கல்வித் துறையின் அங்கீகார இதழ்ப் பட்டியலையும் புரட்டலாம். ஆனால் அது பல்கலைக்கழக மானியக் கணக்குக்கான பட்டியல். ஒவ்வொரு கட்டுரைக்குமான தரச் சான்றிதழ் இல்லை.