வன்னியில் பெற்றோருக்கு வீட்டுப் பராமரிப்பு ஒழுங்குசெய்யும்போது

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தனித்திருக்கும் பெற்றோருக்குப் பராமரிப்பு ஆள் ஒழுங்குசெய்ய வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் பலர், கோவில், சொந்தபந்தம், காணி அலுவல் எல்லாம் முடித்துக் கடைசி இரண்டு நாளில்தான் அந்த வேலையைக் கையில் எடுக்கிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே ஆளை வேலைக்கு அமர்த்தி, நீங்கள் நிற்கும்போதே அவருடைய வேலையைப் பார்த்துக்கொள்வதுதான் புத்தி.

ஆள் அனுப்பும் நிறுவனத்திடம் முதலில் பதிவைக் கேளுங்கள். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; அதன்கீழ் பதிந்தவர்களா, வெறும் கம்பனியாகப் பதிந்தவர்களா என்று விசாரியுங்கள். வருபவரைத் தாதி என்று சொன்னால் தாதியர் பதிவுச் சான்றையும், பராமரிப்பாளர் என்றால் பயிற்சிச் சான்றிதழையும், எவரென்றாலும் பொலிஸ் நற்சான்றையும் கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலையும் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வெள்ளைச் சீருடை போட்ட எல்லோரும் தாதியர் அல்லர்.

கடதாசி சரியாக இருந்தாலும் கைவேலையைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். படுக்கையில் இருப்பவரை, குறிப்பாகப் போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவரை, எத்தனை மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைப்பார் என்று கேளுங்கள். பொதுவாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்ற பதில் உடனே வர வேண்டும். குதிக்கால், இடுப்பின் பின்பகுதி ஆகிய இடங்களைத் தினமும் பார்க்கிறாரா? நம்முடைய நிறத்தில் தோல் சிவப்பது எளிதில் தெரியாது என்பதால், கருமை கூடுகிறதா, தொட்டால் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரே படுக்கைப்புண்ணை முளையிலேயே பிடிப்பார். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவரென்றால், ஊசி போட்டபின் ஐயா சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாடு தயாராக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊசியையே எடுப்பேன் என்பவரை நம்பலாம். வியர்வை, நடுக்கம் கண்டால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவும், மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதிருக்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனங்களின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்க, வீடு ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் உள்ளே இருந்தால், பராமரிப்பாளர் வராத நாளில் யார், எத்தனை மணிக்குள், எந்த வாகனத்தில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘பார்த்து அனுப்புவோம்’ என்பது பதில் ஆகாது. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்க நேர்ந்தால், ஏ9 வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியைச் சொல்லப் பராமரிப்பாளருக்கு முடிகிறதா என்று ஒருமுறை சொல்லவைத்துப் பாருங்கள். குளிப்பாட்டுவது ஆணா பெண்ணா என்பதையும் அம்மாவிடமே கேட்டுத் தீர்மானியுங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் எடுக்கும் முடிவுகளில் அதிகம் மறக்கப்படுவது இதுதான்.

பிறஷர், சீனி அளவு, கொடுத்த மருந்து, மலசலம் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத ஒரு கொப்பி இருக்கட்டும். அதைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் வைத்தியருக்கும் உதவும். எல்லா நேரத்துக்கும் ஒரே மையில், ஒரே இருப்பில் எழுதியது போலத் தெரிந்தால் அங்கேயே விசாரியுங்கள். அறிவிக்காமல் போய்ப் பார்க்க அயலில் ஒருவரை ஒழுங்குசெய்து, அதை நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கட்டும் பணத்தில் பராமரிப்பாளர் கைக்கு எவ்வளவு போகிறது என்று தயங்காமல் கேளுங்கள். சம்பளம் போதாதவர் நிலைக்க மாட்டார், அடிக்கடி ஆள் மாறினால் முதியவருக்குத்தான் அலைச்சல். வங்கி அட்டையும் நகையும் காணி உறுதியும் அவர் பொறுப்பில் இருக்கக் கூடாது. ஆறு மாதப் பணத்தை முற்கூட்டியே கேட்பவர்களை விட்டுவிட்டு, மாதம் மாதமாகக் கட்டி, முன்னறிவித்தலோடு நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சம்மதிப்பவர்களைத் தேடுங்கள்.