‘நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள்’ என்று சொல்லாமல் துணை நிற்பது எப்படி

அமெரிக்க அலுவலகங்களில் கருப்பினப் பெண் ஒருவரிடம் ‘நீங்கள் மன உறுதி மிக்கவர், சமாளித்துவிடுவீர்கள்’ என்று சொல்லப்படும்போது, பெரும்பாலும் அந்தப் பாராட்டின் பின்னாலேயே வேறொருவர் செய்திருக்க வேண்டிய வேலையும் அவர் மேசைக்கு வந்துசேர்கிறது. ‘இது என்னால் இயலாது’ என்று அவர் நிதானமாகச் சொன்னாலோ, ‘கோபக்காரி’ என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. கருப்பினத்தவருக்கு வலி குறைவு என்று சொல்லியே வேலை வாங்கிய அடிமைமுறைக் காலத்தின் மிச்சம் இது. ஆகவே, துணை நிற்க விரும்பும் சக ஊழியர் முதலில் கைவிட வேண்டியது அந்தப் பாராட்டைத்தான்.

அந்தப் பெண் தமக்கு நடந்ததைச் சொல்லும்போது, ‘அந்த எண்ணத்தில் பேசியிருக்க மாட்டார்’ என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால், நடந்ததை மெய்ப்பிக்கும் வேலையும் அவர் தலையில் விழும். ‘எப்படி உதவட்டும்?’ என்று கேட்பதைவிட, ‘வியாழக்கிழமை அறிக்கையை நான் முடித்துத் தரட்டுமா?’ என்று கேட்பது மேல். அவரைக் கேட்காமல் மனிதவளத் துறைக்குப் போவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், தவறு. விளைவைச் சுமக்கப் போகிறவர் அவரே.

கூட்டத்தில் அவர் சொன்ன யோசனை கேட்பாரின்றிப் போய், பத்து நிமிடம் கழித்து வேறொருவர் வாயிலிருந்து வரும்போது பாராட்டுப் பெற்றால், அங்கேயே, குரலை உயர்த்தாமல், ‘இதை முதலில் அவர்தான் சொன்னார், மீதியையும் அவரே விளக்கட்டும்’ என்று சொல்லுங்கள். கூட்டம் முடிந்தபின் நடைவழியில் தனியாக வந்து வருத்தம் தெரிவிப்பவர்கள் ஏராளம். அதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீங்கள் கண்டதை அன்றே எழுதிவையுங்கள். ‘மேலாளர் இழிவாகப் பேசினார்’ என்பது போதாது. நாள், நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தவர்கள் ஆகிய அனைத்தும் வேண்டும். அவர் கேட்டால் சாட்சி சொல்லவும் ஆயத்தமாக இருங்கள். புகார் செய்தவரை மட்டுமன்றிச் சாட்சி சொல்பவரையும் பழிவாங்கக் கூடாது என்கிறது சட்டம்.

வேலையில் இனம், பாலினம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும், 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு, 15 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். கூட்டரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் பொதுவாக 180 நாட்களுக்குள், மாநிலத்திலும் அத்தகைய சட்டமும் அதை நடைமுறைப்படுத்தும் அமைப்பும் இருந்தால் 300 நாட்களுக்குள், முறையிட வேண்டும். நிறுவனத்துக்குள் விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்தக் கெடு காத்திருப்பதில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

முறையீட்டில் இனம், பாலினம் இரண்டையும் சேர்த்தே குறிப்பிடுவது நல்லது. 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கருப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில், இரண்டையும் இணைத்துத் தனிப் பாகுபாடாகக் கருத முடியாது என்று மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. 1989இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, இந்த இரண்டும் ஒரே பெண்மீது ஒருசேர மோதுவதை விளக்கியபோது, அந்தத் தீர்ப்பையே முதன்மையான சான்றாக எடுத்துக்காட்டினார்.

மேலாளராக இருப்பவர், கடந்த ஆறு மாதத்தில் அவசர வேலைகளும் புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் யார் யாருக்குப் போயின என்று பட்டியலிட்டுப் பார்க்கலாம். பன்முகத்தன்மைக் குழுவின் வேலையை அந்தக் கருப்பினப் பெண் கூடுதலாகச் செய்கிறார் என்றால், அதைப் பணி மதிப்பீட்டில் எழுதி, அதற்கு ஈடாக வேறொரு வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும்.