புது கிராஃப்ட் பீர் பாரில் முதல் மாதம்: எதைப் பார்ப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது

ஒன்பது ஆண்டுகள் நான் பார்களில் பீர் குழாய் கழுவும் வேலை பார்த்தேன். கெக் என்கிற பீர்ப் பீப்பாய்களை வைத்திருக்கும் குளிர் அறையிலிருந்து, கவுண்டரில் பீர் ஊற்றும் திருகான டேப் வரை மெல்லிய குழாய்கள் ஓடும். அவற்றுக்குள் காரக் கரைசலை ஓடவிட்டு, குறைந்தது 15 நிமிடம் சுற்றவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பல மாதங்கள் கழுவாத குழாயிலிருந்து என்ன வரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுப்பு நிறத்தில் துண்டு துண்டாகச் சளி போல ஒரு படலம் வரும். அதைப் பார்த்த நாளிலிருந்து எந்த பாருக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் டேப்பின் வாயைத்தான் தேடுகிறது.

இப்போது அந்த வேலையில் இல்லை. வாடிக்கையாளராக மட்டும் போகிறேன். யாராவது சொந்தப் பணத்தைப் போட்டு, பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், சிறு மதுவாலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீருக்கென்று ஒரு பாரைத் திறந்தால் முதல் மாதத்திலேயே போய்விடுவேன். “எப்படி இருக்கு?” என்று நண்பர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்ல நான் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

திறப்பு நாளில் தாராளமாகப் போங்கள், ஆனால் அன்றைக்கே முடிவு கட்டாதீர்கள். ஒரு முறை நான் அப்படிச் செய்துவிட்டேன். கிளாஸில் பாதி நுரை, கவுண்டரில் 20 நிமிடம் நின்றும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் ஐந்து நண்பர்களிடம் “போகாதீர்கள்” என்று சொன்னேன். ஐந்து வாரம் கழித்து மழைக்கு ஒதுங்க அதே பாருக்குள் போக வேண்டியிருந்தது. நுரை விரலளவுக்கு அழகாக நின்றது. ஊற்றிக் கொடுத்த பெண் ஒவ்வொரு பீரைப் பற்றியும் இரண்டு வாக்கியம் தெளிவாகச் சொன்னாள். அந்த ஐந்து பேரையும் மறுபடி அங்கே அழைத்துப் போக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு, இரண்டாவது முறை போய்வராமல் நான் எந்த பாரைப் பற்றியும் வாய் திறப்பதில்லை.

திறப்பு நாளில் நுரை பொங்குவதற்குக் காரணம் உண்டு. பீரில் கரைந்திருக்கும் வாயு குளிரில் அடங்கியிருக்கும், சூடு ஏறினால் பிரிந்து வெளியே வரும். குளிர் அறை சுமார் 3 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். திறப்பு நாளில் அந்த அறைக் கதவை நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது திறப்பார்கள். அன்று காலை வந்து இறங்கிய கெக் உள்ளே வரை குளிர ஒரு நாளுக்கு மேல் ஆகும். குழாயின் நீளம், குறுக்களவு, வாயு அழுத்தம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். புதிதாகப் பொருத்திய அமைப்பில் இதைச் சரிக்கட்ட நாள் பிடிக்கும். ஆகவே முதல் இரண்டு வாரம் நுரையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாதமும் பாதி கிளாஸ் நுரை என்றால், அங்கே யாரும் குளிர் அறைக்குள் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள்.

முதல் நாளே பொறுக்கக் கூடாதது ஒன்று உண்டு. அழுக்கு கிளாஸ். அது பழகப் பழகச் சரியாகிற விஷயமே கிடையாது, முதல் நாளே சரியாக இருக்க வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கிளாஸிலும் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருக்கலாம். பீர் வந்ததும் நுரைக்குக் கீழே கிளாஸின் உள்சுவரைப் பாருங்கள். அங்கங்கே குமிழிகள் ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால் அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது. சுத்தமான கிளாஸில் குமிழிகள் தடையில்லாமல் மேலே ஓடும். குடிக்கக் குடிக்க ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையமாக நுரை சுவரில் தங்கும். நான் பாதி கிளாஸ் முடிந்ததும் எப்போதும் அந்த வளையங்களைத்தான் பார்ப்பேன். உறைபெட்டியில் வைத்து வெண்பனி படிந்த கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் பலருக்கு மகிழ்ச்சி. எனக்கு அது வருத்தம். பனித்துகள் நுரையைக் கிளப்பிவிடும், அதிகக் குளிர் வாசனையை அமுக்கிவிடும்.

ஊற்றுகிறவர் கையையும் கவனியுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்துத் தொடங்கி, நிரம்ப நிரம்ப நிமிர்த்த வேண்டும். டேப்பின் வாய் பீருக்குள் முங்கவே கூடாது. முங்கினால் ஈரமும் சர்க்கரையும் அதன் வாயில் காய்ந்து, அடுத்த கிளாஸுக்குள் கிருமிகளைக் கொண்டுபோகும்.

சரி, இரண்டாவது முறை எப்போது போவது? கூட்டமில்லாத வார நாளில், கதவு திறந்த அரை மணி நேரத்துக்குள் போங்கள். முந்தைய இரவு முழுதும் டேப்பிலேயே நின்ற பீரை அவர்கள் கொட்டிவிட்டு ஊற்றுகிறார்களா, அப்படியே உங்களுக்குத் தருகிறார்களா என்பது அப்போதுதான் தெரியும். கூட்டமான சனிக்கிழமை இரவில் எல்லா டேப்பும் ஓடிக்கொண்டே இருப்பதால் எல்லா பீரும் புதிதாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு முதலில் கேட்க வேண்டியது, பீர்ப் பட்டியல் எழுதிய பலகையில் இருப்பவற்றிலேயே எளிமையான வெளிர் லாகர், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவிட்ட பீர். 1842இல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் ஜோசப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகரின் வழியில் வந்த பீர்கள் இவை. இவற்றில் பழச்சாறு இல்லை, காபி இல்லை, பெருங்கசப்பு இல்லை. குறை இருந்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. விதவிதமான பெயர்களோடு பலகையில் இருக்கும் மற்றவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாயில் வைப்பதற்கு முன் மோந்து பாருங்கள். என் அனுபவத்தில் பாதி உண்மை அங்கேயே கிடைத்துவிடும். உருகிய வெண்ணெய் வாடை வந்தால் அது டயசிட்டைல். நொதிக்கும்போது ஈஸ்ட்டிலிருந்து உண்டாகும் பொருள் அது, அவகாசம் கொடுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் காய்ச்சியவர் மேல் தப்பு இருக்கலாம். கழுவாத குழாயில் வளரும் பாக்டீரியாவும் இதே வாடையைத் தரும், எனவே பார்க்காரர் மேலும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய நான் செய்வது இதுதான்: வேறொரு மதுவாலையின் பீரை வேறு டேப்பிலிருந்து ஒரு மடக்கு கேட்பேன். இரண்டிலும் வெண்ணெய் வந்தால் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் காய்ச்சியவரா அந்த ஒரு குழாயா என்று சொல்ல முடியாது, பார் மேல் பழி போடாமல் விட்டுவிடுவேன்.

புளிப்பு பீர் கேட்காதபோது வினிகர் வாடை வந்தால் டேப்பையோ குழாயையோ கழுவவில்லை என்று நினைக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பீர் பழையது, ஆக்சிஜன் பட்டு வயதாகிவிட்டது. பச்சை ஆப்பிள் வாடை பெரும்பாலும் முதிராத பீர், காய்ச்சிய இடத்துப் பிரச்சினை. ரப்பர் எரிவது போல மூக்கைச் சுளிக்க வைத்தால் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டிருக்கிறது. கெக் பீருக்கு இது கிளாஸில் ஊற்றிய பிறகு வெயிலில் வைத்தால்தான் வரும். புட்டியில் அடிக்கடி வரும். அழகுக்காகப் பச்சைப் புட்டிகளை ஜன்னலோரம் அடுக்கி வைத்திருக்கும் பாரில் நான் புட்டி பீர் வாங்க மாட்டேன்.

குறையல்லாதவற்றைக் குறை என்று சொல்லிவிடக் கூடாது. அது நடக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. கலங்கலான பீர் எல்லாம் கெட்டுப்போனது கிடையாது. ஜெர்மன் கோதுமை பீர் கலங்கலாகத்தான் இருக்கும். அதில் வரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட் கொடுத்தவை. ஹாப்ஸ் தூக்கலான ஹேஸி ஐபிஏவும் அப்படித்தான், ‘ஹேஸி’ என்ற பெயரிலேயே கலங்கல் இருக்கிறது. ஒரு மாலை பக்கத்து மேசைக்காரர் தன் ஸ்டவுட் என்கிற கரிய பீரைத் திருப்பி அனுப்பினார், “கேஸே இல்லை, தட்டையாக இருக்கிறது” என்று. அது நைட்ரஜன் கலந்து ஊற்றும் பீர். அயர்லாந்தின் கின்னஸ் மதுவாலை 1959இல் கொண்டுவந்த முறை அது, வாயுக் கலவையில் 70 முதல் 75 சதவீதம் நைட்ரஜன். நாக்கில் சுருக்கென்று குத்தாது, பாலாடை போல வழுக்கிக்கொண்டு போகும். அவர் கேட்டிருந்தால் பணியாளர் சொல்லியிருப்பார். கவுண்டரில் இருந்த இளைஞரும் அதை எடுத்துச் சொல்லாமல் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அதையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பணியாளரிடம் இரண்டே கேள்வி போதும். “இந்த கெக் எப்போது மாட்டினீர்கள்?” “குழாய் எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவுகிறீர்கள்?” அமெரிக்காவின் சிறு மதுவாலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் 14 நாளுக்கு ஒரு முறை காரக் கரைசலால் கழுவச் சொல்கிறது. பாஸ்ச்சரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத கெக் பீர் குளிரில் இருந்தாலும் 45 முதல் 60 நாள் வரைதான் நன்றாக இருக்கும் என்கிறது. கிராஃப்ட் பீரில் பெரும்பகுதி இந்த வகை. ஆகவே பலகையில் 24 டேப் இருந்து, உள்ளே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கவலை வரும். எட்டு டேப்போடு தொடங்கும் பார் தன் கொள்ளளவைத் தெரிந்து வைத்திருக்கிறது. கேள்விக்கு “தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கேட்டு வந்து சொன்னால் முழு மதிப்பெண். “எங்கள் பீர் எல்லாம் ஃப்ரெஷ்” என்று மட்டும் சொன்னால் நோட்டில் ஒரு கேள்விக்குறி.

பலகையில் மதுவாலையின் பெயர், ஆல்கஹால் சதவீதம், கிளாஸின் அளவு, விலை நான்கும் இருக்க வேண்டும். 9 சதவீத பீரை 4 சதவீத பீருக்குச் சமமான பெரிய கிளாஸில் எதுவும் சொல்லாமல் தருவது பொறுப்பில்லாத செயல்.

நீங்கள் குடிக்கும் வரிசையும் முக்கியம். சிறிய கிளாஸில் மூன்று, மிஞ்சினால் நான்கு. இலேசானதில் தொடங்கி, கசப்பும் ஆல்கஹாலும் ஏறிய பீரைக் கடைசிக்கு வையுங்கள். ஐபிஏவை முதலில் குடித்துவிட்டு லாகரைக் குடித்தால் லாகர் தண்ணீராகத்தான் தெரியும். நடுவில் நல்ல தண்ணீர் குடியுங்கள். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

குறை தெரிந்தால் கிளாஸ் நிறைய இருக்கும்போதே சொல்லுங்கள். முக்கால்வாசி குடித்துவிட்டுச் சொன்னால் யார் நம்புவார்? அதிலும், மூக்குக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். “வெண்ணெய் வாடை வருகிறது, நீங்களும் பாருங்களேன்” என்று சொன்னால் அவர் மோந்து பார்ப்பார். “உங்கள் குழாய் அழுக்கு” என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஒன்பது ஆண்டு கழுவியவன் நான், எனக்கே கிளாஸிலிருந்து குழாயை உறுதியாகச் சொல்ல வராது. அவர் கிளாஸை வாங்கி மோந்து பார்த்தாரா, டேப்பிலிருந்து இன்னொரு மடக்கு ஊற்றிச் சரிபார்த்தாரா, அந்த டேப்பை நிறுத்தி வைத்தாரா? புது பாரைப் பற்றி இதைவிடப் பெரிய தகவல் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

இருக்கை, வெளிச்சம், இசை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எதிரே இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறதா, கழிப்பறை சுத்தமா என்று மட்டும் பார்ப்பேன்.

நோட்டில் தேதி, மணி, உள்ளே எத்தனை பேர், எந்த பீர், எந்தக் கிளாஸ் என்று எழுதுங்கள். நண்பர்களிடம் சொல்லும்போது அந்தத் தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள்: “திறந்து மூன்றாவது வாரம், செவ்வாய் மாலை போனேன், லாகர் சுத்தம், ஸ்டவுட்டில் மட்டும் கொஞ்சம் வினிகர், சொன்னதும் டேப்பை நிறுத்தினார்கள்.” உங்கள் ருசியையும் பாரின் குறையையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். எனக்குப் புகை மணக்கும் பீர் பிடிக்காது. அது அவர்கள் தப்பில்லை.

முடிந்தால் ஆறாவது வாரம் இன்னொரு முறை எட்டிப் பாருங்கள். முதல் வாரம் ஊற்றிக் கொடுத்த அதே ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா, பலகையில் சில பெயர்களாவது மாறியிருக்கின்றனவா, நீங்கள் குறை சொன்ன அந்த டேப் இப்போது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, பழைய பக்கத்துக்குக் கீழேயே புதுத் தேதியைப் போட்டு எழுதுங்கள்.