நோர்வேஜிய நெடுஞ்சொற்கள்: பிரிக்கும்போதும் அழுத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோர்வேயில் குடியேறும் வெளிநாட்டவர் பலருக்குச் சீக்கிரமே அறிமுகமாகும் சொல் 'ஒப்ஹொல்ஸ்தில்லாதெல்செ'. வசிப்பிட அனுமதி என்று பொருள். நடுவில் இடைவெளியே இல்லாமல் 18 எழுத்து. இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் இடப்பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டத் தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. முதலில் தேட வேண்டியது அசையை அல்ல, இரண்டு சொல் ஒட்டிய இடத்தை. தங்குதலைக் குறிக்கும் 'ஒப்ஹொல்' ஒன்று, அனுமதியைக் குறிக்கும் 'தில்லாதெல்செ' இன்னொன்று, நடுவே பசைபோல ஓர் 'எஸ்'. அந்தப் பசை எப்போதும் இடப்பக்கச் சொல்லோடுதான் நிற்கும். 'ஒப்ஹொல்ஸ்' என்று முடித்துவிட்டுத்தான் 'தில்லாதெல்செ'யைத் தொடங்க வேண்டும். 'ஒப்ஹொல்' என்று நிறுத்தி 'ஸ்தில்' என்று தொடர்ந்தால் கேட்பவர் ஒரு கணம் முழிப்பார்.

அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் நமக்குச் சிக்கல் இன்னும் கூடுகிறது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது தமிழ் நாக்குக்குப் பிறவிக்குணம். வேலை ஒப்பந்தத்துக்கு 'ஆர்பைட்ஸ்-ஆவ்தாலெ' என்பார்கள். நாம் சற்று வேகமாகச் சொன்னால் அது 'ஆர்பைட்-ஸாவ்தாலெ' ஆகிவிடும். தனிச்சொல்லில் இப்படி ஒரு மெய்யை அடுத்த உயிரோடு சேர்ப்பது நோர்வேஜியனுக்கும் சம்மதம்தான். கேக்கைக் குறிக்கும் 'காகெ'யை வரியின் கடைசியில் உடைக்க நேர்ந்தால் 'கா-கெ' என்றே உடைப்பார்கள். கூட்டுச்சொல்லில் மட்டும் ஒட்டிய இடமே எல்லை.

அதற்காக நடுவில் 'எஸ்' கண்ட இடத்திலெல்லாம் வெட்டவும் கூடாது. கால்பந்துக் காலணி 'ஃபூட்பல்-ஸ்கூ'. இங்கே 'எஸ்' பசையல்ல, காலணி என்ற சொல்லின் முதலெழுத்து. இந்த இடத்தில் எந்தச் சூத்திரமும் கைகொடுக்காது, சொல்வளம்தான் கைகொடுக்கும். ஒரு சின்னத் தடயம் உண்டு. வைன் குவளை 'வீன்கிளாஸ்', பசை இல்லை. சிவப்பு வைன் குவளை 'ரோவீன்ஸ்கிளாஸ்', பசை வந்துவிட்டது. முன்பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால் பல நேரம் இந்த 'எஸ்' நுழைந்து, பெரிய வெட்டு எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

என் கணக்கில் மோசமான பொறி 'பீல்டெக்', 'பில்டெபூக்' என்ற இரண்டும்தான். எழுத்தில் பார்த்தால் முதல் ஐந்து எழுத்தும் ஒன்றே: பி, ஐ, எல், டி, ஈ. ஆனால் முதலாவது கார் டயர், 'பீல்' என்ற காரும் 'டெக்' என்ற டயரும் சேர்ந்தது. இரண்டாவது படப்புத்தகம், 'பில்டெ' என்ற படமும் 'பூக்' என்ற புத்தகமும் சேர்ந்தது. தப்பான இடத்தில் வெட்டினால் உயிரின் அளவும் கெட்டுப்போகும். காரின் 'பீ' நெடில், படத்தின் 'பி' குறில். டயர் வாங்கப் போய்க் குறிலில் சொன்னால், கடைக்காரர் படத்தைத்தான் முதலில் நினைப்பார். கூட்டுச்சொல்லுக்குள் போனாலும் ஒவ்வொரு சொல்லும் தன் குறில் நெடிலை விடுவதில்லை. குறிலும் நெடிலும் பிரித்துப் பழகிய காது நமக்கு இருக்கிறது, அதை இங்கே பயன்படுத்தாமல் விடுவதுதான் வருத்தம்.

அழுத்தம்தான் நமக்கு அந்நியம். தமிழில் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனால் நீண்ட சொல்லை எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து ஒப்பிக்கிறோம். நோர்வேஜியனில் முதன்மை அழுத்தம் பொதுவாக முதல் சொல்லில், ஒரே ஒருமுறை. பின்னால் வரும் சொல்லுக்குத் துணை அழுத்தம் மட்டும். இதைக் கற்றவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். முதல் சொல் என்பதை முதல் அசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். காவல்துறை 'பொலிட்டீ', அழுத்தம் கடைசி 'டீ'யில். எனவே காவலர் 'பொலிட்டீமன்' ஆகும்போதும் முதன்மை அழுத்தம் அதே 'டீ'யில்தான். ஒஸ்லோ பக்கத்துப் பழைய பேச்சில் 'பொ'வை அழுத்துபவர்களைக் கேட்கலாம். அது அந்த வட்டாரத்தின் வழக்கு, கற்பவர் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

விதிவிலக்கும் உண்டு. தெற்குப் பகுதி நகரமான கிறிஸ்தியான்சன்னில் அழுத்தம் கடைசி 'சன்'னில் விழும். கிறிஸ்துமஸ் முந்தின நாளான 'யூல்-ஆஃப்தென்' பின்பகுதியில் ஓங்கும். இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதே வழி.

சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதுவது இன்னொரு தவறு. நோர்வேக்காரர்களே இதை நிறையச் செய்கிறார்கள், அதைக் கேலி செய்வதும் அவர்களே. 'ரொய்க்ஃப்ரித்' சேர்ந்திருந்தால் புகை இல்லாத இடம். நடுவில் இடைவெளி விட்டால் தாராளமாகப் புகை பிடியுங்கள் என்றாகிவிடும். 'லம்மெலோர்' சேர்ந்தால் ஆட்டுத்தொடை, பிரிந்தால் முடங்கிப்போன தொடைகள். பேச்சில் இந்த வித்தியாசத்தைக் காட்டுவதும் அழுத்தமே. ஒரே சொல்லானால் ஒரு முதன்மை அழுத்தம், பிரித்தால் இரண்டு.

எழுத்தில் இன்னொன்று. ஒரே மெய் மூன்றுமுறை அடுத்தடுத்து வந்தால் ஒன்றை விட்டுவிடுவார்கள். இரவைக் குறிக்கும் 'நத்'தின் முடிவில் இரண்டு 'டி', ரயிலைக் குறிக்கும் 'தோக்'கின் முதலில் ஒன்று. சேர்த்து எழுதும்போது இரண்டே இருக்கும். ஆனால் வரியின் கடைசியில் உடைத்தால் விட்டுப்போன எழுத்து திரும்பி வரும், உடைப்பைக் காட்டும் கோட்டுக்கு முன் இரண்டு, பின் ஒன்று.

சுரம், அதாவது சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம் பற்றியும் கேட்பார்கள். விவசாயிகள், பீன்ஸ் இரண்டுக்கும் ஒலி 'பொன்னெர்'தான், ஒஸ்லோ வட்டாரத்தில் அவை சுர வேறுபாட்டால்தான் பிரிகின்றன. கூட்டுச்சொல் முழுவதற்கும் ஒரே சுரம்தான், பகுதிக்கு ஒன்று கிடையாது. ஆரம்பத்தில் இதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். சுரம் பிசகினாலும் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். வெட்டும் அழுத்தமும் பிசகினால்தான் புரியாது.

சந்தேகம் வந்தால் சொல்லின் கடைசிப் பகுதியை முதலில் அடையாளம் காணுங்கள். என்ன பொருள் என்பதை அதுதான் சொல்லும்: குவளையா, காலணியா, அனுமதியா. பிறகு முன்பகுதியைத் தனியே அகராதியில் தேடுங்கள். நோர்வேஜிய அகாடமியின் இணைய அகராதியில் உச்சரிப்பும் கொடுத்திருக்கிறார்கள். முன்பகுதியில் அழுத்தம் எங்கே என்று அங்கே பார்த்துக்கொண்டு முழுச்சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.