சிஒய்பி7ஏ1 மரபணுவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லீரலில் கொலஸ்ட்ரால் பித்த அமிலமாக மாறும் முக்கியப் பாதையைத் தொடங்கி வைக்கும் நொதி சிஒய்பி7ஏ1. அதன் மரபணு 8ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சுமார் 10,000 டிஎன்ஏ எழுத்து (ஏ, டி, ஜி, சி) நீளம், 6 எக்ஸான் (மரபணுவின் ஆர்என்ஏ நகலான எம்ஆர்என்ஏ-வில் தங்கும் துண்டுகள்), 5 இன்ட்ரான் (இடையிலிருந்து வெட்டி எறியப்படும் துண்டுகள்). நொதியில் 504 அமினோ அமிலங்கள். சின்ன மரபணுதான். ஆனாலும் இதைப் படிப்பவர்கள் எண்களில் இடறிவிடுகிறார்கள்.

2002இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து கொடுத்தும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) சரியாக இறங்காத சிலருக்கு இந்த மரபணுவில் 1302, 1303ஆம் இடங்களில் இரண்டு டி எழுத்துகள் இல்லை. அதனால் 413ஆவது அமினோ அமிலத்தில் வாசிப்பு பிசகி, அடுத்த இடத்திலேயே நிறுத்தக் குறி வந்துவிடுகிறது. ஹீம் என்ற, நொதி வேலை செய்யத் தேவையான இரும்பு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் பகுதி அதற்குப் பிறகுதான் வர வேண்டும். அது உருவாவதே இல்லை. சரி, ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து என்று 413ஐ மூன்றால் பெருக்கினால் 1239தானே, 1302 எப்படி வந்தது? புரதம் தொடங்கும் குறியான ஏடிஜி-க்கு முன்னால் உள்ள, புரதமாக மாறாத பகுதியையும் சேர்த்து எம்ஆர்என்ஏ-வின் தொடக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். எங்கிருந்து எண்ணினார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதினால், இருபது அமினோ அமிலம் தள்ளிப் போய் நிற்போம்.

மரபணுவை இயக்கும் முன்பகுதியான புரோமோட்டரிலும் இதே சிக்கல்தான். ஏ எழுத்து சி ஆகும் ஒரே மாற்றத்தைச் சிலர் -204 என்கிறார்கள், சிலர் -278 என்கிறார்கள். இரண்டு மாற்றங்கள் என்று பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். போதாததற்கு இந்த மரபணு எதிர் இழையில் இருப்பதால், குரோமோசோம் வரிசையில் அதே மாற்றம் டி எழுத்து ஜி ஆவதாகத் தெரியும்.

எக்ஸான் முழுவதும் புரதமாகும் என்று நினைப்பதும் தவறு. 504 அமினோ அமிலங்களுக்கும் நிறுத்தக் குறிக்கும் 1515 எழுத்துகள் போதும். எம்ஆர்என்ஏ-வோ ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். மிச்சத்தில் பெரும்பகுதி 6ஆம் எக்ஸானின் பின்பாதி.

இதைப் படித்த கையோடு சிஒய்பி8பி1-க்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதுவும் பித்த அமில நொதிதான், 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது, ஆனால் அதில் இன்ட்ரானே கிடையாது. ஆர்என்ஏ-வை அளக்கும்போது இன்ட்ரானைத் தாண்டி பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து டிஎன்ஏ கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் வழக்கமான வழி அங்கே எடுபடாது. ஆர்என்ஏ-வை, டிஎன்ஏ-வைச் சிதைக்கும் நொதியான டிஎன்ஏஸ் போட்டுச் சுத்தம் செய்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக நகலெடுக்கும் நொதி) சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள். அந்தக் குழாயிலும் பட்டை (பெருகிய டிஎன்ஏ-வைக் காட்டும் கோடு) வந்தால், நீங்கள் பார்ப்பது டிஎன்ஏ.