மதுரைல உக்காந்துக்கிட்டு மன்னவனூர் வானத்தைக் கண்காணிக்கிறது எப்படி

மதுரைல மொட்டை மாடில நின்னு பாத்தா வானம் பளிச்சுனு இருக்கேன்னு நம்பி கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர்ல டெலஸ்கோப் வச்சிருக்குற ஷெட்டோட மோட்டார் கூரையை இங்கிருந்தே திறந்தீங்கன்னா, டெலஸ்கோப் மிரர் நனைஞ்சுதான் போகும். மலைல மேகம் தலைக்கு மேல மட்டும் வர்றதில்ல, பள்ளத்துல இருந்து ஏறி பக்கவாட்டுல வந்து ஷெட்டுக்குள்ளயே புகுந்துரும். ஆரம்பத்துல சாயங்காலமானா பக்கத்து பூண்டுத் தோட்டத்து அக்காவுக்குத்தான் போன் போடுவேன், "அக்கா, வானம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "இப்ப நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா கீழ இருந்து ஏறுது"ம்பாங்க. நாம சென்சார் வச்சு பிடிக்க வேண்டியது அந்த "கீழ இருந்து ஏறுது"ங்கிறதைத்தான்.

முதல்ல எல்லாரும் வாங்குற எம்எல்எக்ஸ் 90614. விரல்நுனி அளவு இன்ஃப்ராரெட் சென்சார், வானத்தைப் பாத்து நிக்க வச்சா வானத்தோட வெப்பநிலை ஒண்ணு, தன்னோட வெப்பநிலை ஒண்ணுன்னு ரெண்டு நம்பர் தரும். தெளிஞ்ச வானம் ரொம்ப சில்லுன்னு தெரியும், ரெண்டுக்கும் 20, 25 டிகிரி கூட வித்தியாசம் வரும், கனமான மேகம் மூடுனா அது சில டிகிரியா சுருங்கிரும். இத்தனை டிகிரின்னா மேகம்னு அடுத்தவர் சொல்ற நம்பரை அப்படியே போடாதீங்க, காத்துல ஈரம் ஏற ஏற தெளிஞ்ச வானமே சூடாத்தான் தெரியும், ஜனவரில சரியா இருந்த அளவு மே மாசம் உதவாது. ரெண்டு மூணு வாரம் கிராஃப் எடுத்து உங்க இடத்துக்கு நீங்களே முடிவு பண்ணுங்க.

நான் பண்ண கூத்து ஒண்ணு. மழைல நனையுமேன்னு சென்சாருக்கு மேல அழகா ஒரு கண்ணாடி வட்டத்தை சிலிகான் போட்டு ஒட்டிட்டேன். நாலு ராத்திரி, ஆள் நேர்ல நின்னு பாத்தா பால்வீதி தெரியுது, போன்ல மட்டும் "மேகமூட்டம்". அந்த இன்ஃப்ராரெட் கண்ணாடிக்குள்ள போகாது, சென்சார் கண்ணாடியோட சூட்டைத்தான் அளந்துக்கிட்டு இருந்துச்சு! அக்ரிலிக்கும் அதே கதைதான். அதனால சென்சார் முகத்தை வெறுமனே விடுங்க, டப்பாவைச் சுத்தி மட்டும் சீல் பண்ணி, தண்ணி வழியுற மாதிரி லேசா சாய்ச்சு வைங்க. மேல ஒரு சொட்டு நின்னாலும் மேகம்னுதான் காட்டும், கூரை மூடிக்கும், அது நமக்கு நல்லதுதான். ஒயரை நீளமா இழுக்காதீங்க, ஒரு மீட்டர் தாண்டுனா கண்டபடி நம்பர் வரலாம், சென்சார் நம்பரைப் படிச்சு வைஃபைல அனுப்புற இஎஸ்பி32ங்கிற சின்ன போர்டை சென்சார் பக்கத்துலயே வைங்க.

ஆனா மலைல இதைவிட முக்கியம் ஈரப்பதம் அளக்குற சென்சார்னு சொல்வேன். எஸ்எச்டி31 நல்லா உழைக்குது, உள்ளயே சின்ன ஹீட்டர் இருக்கு, நாள்கணக்குல ஈரத்துலயே கிடந்தா அதை ஆன் பண்ணி உலர்த்திக்கலாம். போர்டோட ஒரே டப்பால வைக்காதீங்க, போர்டு சூட்டுல ஈரப்பதம் கம்மியா காட்டும். பூந்தொட்டிக்கு அடில வைக்கிற பிளாஸ்டிக் தட்டு நாலஞ்சை இடைவெளி விட்டு அடுக்கி நடுவுல தொங்கவிடுங்க, காத்து போகும், வெயில் படாது. பாக்க வேண்டியது பனிநிலை, அதாவது எந்த வெப்பநிலைல ஈரம் தண்ணியா படியுங்கிறது. 12 டிகிரி குளிர்ல 70 சதவீதம் ஈரம்னா பனிநிலை சுமார் 6.7, 90 சதவீதம்னா 10.4. மிரர் வானத்தைப் பாத்து நின்னு காத்தை விடக் குளிர்ந்து போறதால, காத்தோட வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் நடுவுல இடைவெளி 2 டிகிரிக்கு வந்துட்டாலே மூடிருங்க. அந்த இடைவெளி மளமளன்னு குறையுதுன்னா அக்கா சொன்ன மாதிரி கீழ இருந்து ஏறுதுன்னு அர்த்தம், அப்ப மேல பாக்குற சென்சார் இன்னும் "தெளிவு"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கும்.

ராஸ்பெர்ரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டர்ல, மொத்த வானத்தையும் ஒரே படமா எடுக்குற ஒரு ஆல்ஸ்கை கேமராவும் போட்டுக்கோங்க, இதுக்கு அக்ரிலிக் டோம் சரி, உள்ள பனி படியாம இருக்க சின்ன ஹீட்டர் வேணும். இன்சாட் சாட்டிலைட் படத்தையும் ஒரு பார்வை பாக்கலாம், பெரிய மழை மேகம் தெரியும், ராத்திரில பள்ளத்துல கிடக்குற தாழ்ந்த மேகம் தரையோட சூட்டுலயே இருக்குறதால தனியா தெரியாது.

ரூல் எழுதும்போது, மூடுறதுக்கு ஒரு காரணம் போதும், திறக்குறதுக்கு எல்லா சென்சாரும் அரை மணி நேரம் விடாம சரின்னு சொல்லணும். இல்லன்னா மேகம் வந்து போகப் போக கூரையும் திறந்து திறந்து மூடும், மோட்டார் போயிரும். மழை சென்சாரை மட்டும் கம்ப்யூட்டரை நம்பாம நேரா மோட்டார் கன்ட்ரோலருக்கே இழுத்துருங்க.

போனுக்கு டெலிகிராம்ல மெசேஜ் வர்ற மாதிரி வச்சா போதும், ஆனா கூரை மூடுற முடிவு உங்க போனுக்காகக் காத்திருக்கக் கூடாது. மலைல கரண்டும் சிக்னலும் ஒண்ணாவே போகும். அஞ்சு நிமிஷம் சென்சார் டேட்டா வரலன்னா தானா மூடணும், மோட்டார் 12 வோல்ட் பேட்டரில ஓடணும், டெலஸ்கோப் கூரைல இடிக்காத மாதிரி படுத்துருச்சுன்னு லிமிட் சுவிட்ச் (அந்த இடத்துக்கு வந்ததும் அழுந்துற சின்ன சுவிட்ச்) சொன்ன பிறகுதான் கூரை நகரணும். இதெல்லாம் வேலை செய்யுதான்னு பாக்க, வடகிழக்குப் பருவமழை தொடங்குறதுக்கு முன்னாடி, கூரை திறந்திருக்குற ஒரு சாயங்காலம் அக்காவுக்கு போன் போட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்க, எத்தனை நிமிஷத்துல மூடுதுன்னு அவங்களே பாத்து சொல்லட்டும்.